சவரியம்மாவின் முகம், என் கை

கப்பல் ஏறியதையும் ரயிலில் தூங்கி விழுந்ததையும் எழுதப் போவதில்லை. அதையெல்லாம் படித்தவர்கள் எழுதுவார்கள். நான் துறையூரில் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எனக்குச் சொல்லத் தெரிந்தது, சிலோனில் தேயிலை மலையில் நான் இருந்த ஐந்து நாளும், அந்த ஐந்து நாளும் சவரியம்மா என்கிற பொம்பிளை மேல் எனக்கு இருந்த வயிற்றெரிச்சலும்தான். நானே சொல்லாவிட்டால் என் மகன் ஒருநாள் ஏதாவது மேடையில் சொல்லிவிடுவான். அதுவும் நாலே வரியில்.

என் மகன் நடராசு சினிமா டைரக்டர். தேயிலைத் தோட்டத்தில் சில காட்சிகள் எடுக்க வேண்டும் என்று ஆட்களோடு கிளம்பினான். அவனுக்கு வயிற்றுப் புண். கம்பெனிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. குழைந்த சோறும் காரம் போடாத குழம்பும் ஆக்கிப் போடத்தான் என்னைக் கூட்டிப் போனான் என்று மருமகள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் கூட இல்லாமல் அவனுக்குப் படம் எடுக்க வராது என்பது என் எண்ணம்.

தோட்டம் அக்கரப்பத்தனைக்கு மேலே இருந்தது. வாடகைக்கு எடுத்த பழைய வேன், பியதாச என்று ஒரு சிங்கள டிரைவர். வழியில் தேநீர்க் கடையில் அவன் இன்னொரு டிரைவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தான். என்ன சொன்னான் என்று கடைக்காரரிடம் கேட்டேன். அவர் தயங்கித் தயங்கித் தமிழில் சொன்னார்: "முன் சீட்டுல உக்காந்திருக்கிற கிழவிதான் கம்பெனிக்கே முதலாளி போல, எல்லாரையும் அதட்டுதுன்னு சொல்றான்மா." எனக்குக் கோபம் வரவில்லை. ஓர் ஆள் வந்த கொஞ்ச நேரத்தில் உண்மையைக் கண்டுபிடித்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

தோட்டத்துப் பாதையில் வேன் சேற்றில் இறங்கிவிட்டது. கேமராப் பெட்டி, வெள்ளிக் காகிதம் ஒட்டிய பலகைகள் எல்லாவற்றையும் இறக்கினார்கள். நான் இறங்கவில்லை. மழையில் நனைய நான் எதற்கு வந்தேன். கொழுந்து பறித்துவிட்டுக் கூடையோடு திரும்பிய ஏழெட்டுப் பெண்கள் வந்து தோள் கொடுத்தார்கள். அதில் ஒருத்தி, தலையில் கம்பளி, இடுப்பில் சாக்கு, ஐம்பத்தைந்து வயதிருக்கும், ஜன்னல் பக்கம் வந்து எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, கொஞ்சம் எறங்கிக்கிங்க. நீங்க எறங்குனாலே வண்டி பாதி மேல வந்துரும்."

எல்லோரும் சிரித்தார்கள். என் மகனும் சிரித்தான். அவள்தான் சவரியம்மா.

மறுநாள் காலையில் குளிர் பல்லைத் தட்டியது. எங்கள் ஊரில் பச்சை என்றால் மழைக்கு வந்து வெயிலுக்குப் போய்விடும். இங்கே மலை, பள்ளம், வேலியோரம் எல்லாம் ஒரே பச்சை, அதுவும் தலை வாரி விட்டது போல. அரை நாளில் எனக்குக் கண் அலுத்துவிட்டது. காலியாகக் கிடந்த ஒரு கிளார்க் வீட்டில் எங்களைத் தங்க வைத்திருந்தார்கள். ஈர விறகை ஊதி ஊதி ரசம் வைத்து, சோறு குழைத்து, தூக்குவாளியோடு மகனைத் தேடிப் போனேன்.

லயத்தில் இருந்தான். லயம் என்பது ஒரே தகரக் கூரைக்குக் கீழே வரிசையாகப் பன்னிரண்டு குடும்பம். குடும்பத்துக்கு ஓர் அறை. சவரியம்மாவின் அறை வாசலில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, தேங்காய்ப் பூ போட்ட தடித்த ரொட்டியை, சிவக்கச் சிவக்க இடித்த மிளகாய்ச் சம்பலில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தான்.

"தம்பி நல்லா சாப்பிடுதுக்கா. மூணு ரொட்டி உள்ள போயிருச்சு" என்றாள் அவள்.

"அவனுக்கு வயித்துல புண்ணு. காரம் ஆகாது."

"அப்படிங்களா? தம்பி சொல்லவே இல்லீங்களே."

அவன் விரலை நக்கினான். "ஒண்ணும் செய்யலம்மா, நீ உக்காரு" என்றான். எனக்கு 'நீ உக்காரு'. அவளிடம் திரும்பி, "அம்மா, இன்னும் கொஞ்சம் சாயம் ஊத்துங்க" என்றான். அவளுக்கு 'அம்மா'வும் 'ஊத்துங்க'வும். நான் தூக்குவாளியைக் கீழே வைத்தேன். சத்தம் கொஞ்சம் பலமாகத்தான் வந்தது.

எனக்கும் ஒரு குவளை கொடுத்தாள். சாயம் என்றால் பால் விடாத தேநீர். உள்ளங்கையில் கொஞ்சம் சீனி வைப்பார்கள், அதை நக்கிக்கொண்டே கறுப்புச் சாயத்தைக் குடிக்க வேண்டும். மலை மலையாகத் தேயிலையை வளர்த்துவிட்டு இவர்கள் குடிப்பது எல்லாம் சலித்து மிஞ்சிய தூள். ஆனாலும் அந்தக் குளிருக்கு அது தொண்டையில் இறங்கியபோது நன்றாகத்தான் இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.

"நீங்க திருச்சிப் பக்கமா அக்கா? எங்க பாட்டனும் அந்தப் பக்கந்தான்னு சொல்லுவாங்க. ஊர் பேரு தெரியல. நீங்க வந்துட்டுத் திரும்பிப் போயிரலாமா? பிரஜாவுரிமைக் காகிதமெல்லாம் இருக்கா?"

"ஏன் போக முடியாது? எங்க ஊரு அது."

"அதான் கேட்டேன்" என்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்போது அவள் கையைப் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் கொழுந்துச் சாறு ஏறிக் கறுத்து, வெடிப்பு வெடிப்பாக இருந்தது.

திரும்பி நடக்கும்போது நடராசு ஒரு சங்கதி சொன்னான். இந்தப் படத்தில், மகன் வருவான் என்று காத்திருக்கிற விதவைத் தாய் ஒருத்தி இரண்டு நிமிஷம் வருகிறாள். மெட்ராஸிலிருந்து வருவதாக இருந்த நடிகைக்குக் காய்ச்சல். அதனால் சவரியம்மாவையே வைத்து எடுக்கப் போகிறானாம்.

நான் நின்றுவிட்டேன். பத்தொன்பது வயதில் சொல்லாமல் கொள்ளாமல் மெட்ராஸுக்கு ஓடிப்போனவன் அவன். மூன்று வருஷம் ஒரு காகிதம் இல்லை. மூன்று வருஷமும் சாயங்கால பஸ்ஸுக்குக் காத்திருந்தவள் நான். மகனுக்குக் காத்திருக்கும் தாய் வேண்டுமென்றால் கடல் தாண்டியா ஆள் தேடுவது? பக்கத்தில்தானே நடந்து வருகிறேன். ஆனால் கேட்கவில்லை. கேட்டு வாங்குவது எனக்குப் பழக்கமில்லை. அவனாகச் சொல்லட்டும் என்று இருந்தேன்.

மூன்றாம் நாள் சவரியம்மாவுக்கு வேலைக்குப் போக வேண்டாம் என்று தோட்டத்துத் துரை சொல்லியிருந்தார். அவள் வாசலில் முறத்தை மடியில் வைத்து அரிசியில் கல் பொறுக்க வேண்டும், பாதையைப் பார்க்க வேண்டும். கேமராவைத் தள்ளி வைத்து ஒன்று எடுத்தார்கள். பிறகு முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஒன்று. அவள் கேமரா ஒன்று இருப்பதாகவே எண்ணிக்கொள்ளவில்லை. நடுவில் மூக்கைக்கூடச் சொறிந்தாள். "ரொம்பப் பிரமாதம்மா" என்றான் என் மகன். மூக்கைச் சொறிந்ததற்கு.

அதற்குள் பனி இறங்கி எதிர் மலை போய், பாதை போய், கடைசியில் கேமராவே மங்கலாகிவிட்டது. எல்லோரும் சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தோம். "படம் எடுக்கிறதுல முக்காவாசி இப்படிச் சும்மா உக்காந்திருக்கிறதுதான்" என்றான். அப்போதுதான் பொறுக்க மாட்டாமல் வாயைத் திறந்தேன்.

"மூணு வருஷம் நான் காத்திருந்த கதை உனக்குத் தெரியாதாடா? எத்தனை தடவை சொல்லியிருக்கேன்."

"தெரியும்மா. நூறு தடவை சொல்லியிருக்கே."

"அப்புறம் என்ன?"

"நீ கதை சொன்னா கேக்கிறவனுக்கு வேலையே இல்லைம்மா. அழ வேண்டிய எடத்துல நீயே அழுதுடறே. பஸ் ஸ்டாண்டுல நின்னேன், கண்ணு பூத்துப் போச்சு, வயிறு எரிஞ்சுதுன்னு ஒண்ணு விடாம சொல்லிடறே. நான் எங்க அழறது?"

லைட் பிடிக்கிறவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்கு மூஞ்சி சுட்டது.

"நேத்து சவரியம்மா அவங்க பெரிய பையனைப் பத்திச் சொன்னாங்க" என்றான். "'கொழும்புக்குப் போனான். நத்தாருக்கு வர்றேன்னான். கேக்கு வாங்கி வச்சேன். எறும்பு தின்னுச்சு. சீனி போதுமா தம்பி?' அவ்வளவுதான். அந்த 'சீனி போதுமா' இருக்கே, அதை நான் ஒரு வருஷம் உக்காந்து எழுதினாலும் எழுத வராது. கதையில எதைச் சொல்றதுன்னு கத்துக்க எனக்குப் பத்து வருஷம் ஆச்சு. எதை விடுறதுன்னு இன்னும் கத்துக்கிட்டிருக்கேன்."

நத்தார் என்றால் கிறிஸ்துமஸ். சவரியம்மா வேதக்காரி. அவள் பிள்ளை இன்னும் வரவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பாவம் என்று தோன்றத்தான் செய்தது. ஆனால் என் பிள்ளை மூன்று வருஷம் கழித்து வந்துவிட்டதால் என் காத்திருப்புக்கு மதிப்புக் குறைந்துவிட்டதா என்றும் தோன்றியது. இரண்டாவதுதான் அதிக நேரம் நின்றது.

"நாளைக்குக் காலைல கையை மட்டும் பக்கத்துல எடுக்கணும்" என்று அசிஸ்டெண்ட் சுந்தரத்திடம் சொன்னான். "பஸ் சத்தம் கேக்கும், கல் பொறுக்கிற கை ஒரு நிமிஷம் நிக்கும், திரும்பப் பொறுக்கும். அந்த விரலைப் பாத்தியா? முகம்கூட வேண்டாம்யா. அந்த விரலுக்காகவே கடல் தாண்டி வரலாம்."

கடல் தாண்டி வந்து ரசம் வைத்துக்கொண்டிருந்தவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அன்று சாயங்காலம் விளக்கு வைப்பதற்கு முன் லயத்துக்குப் போனேன். பித்தவெடிப்புக்காக நான் ஊரிலிருந்து மருதாணி இலையைக் காய வைத்து இடித்துக் கொண்டுபோயிருந்தேன். அதைப் புளித்தண்ணீரில் குழைத்து எடுத்துக்கொண்டேன்.

"கையக் காட்டு சவரியம்மா. இது வெடிப்புக்கு நல்லது."

"எனக்கா அக்கா? இந்தக் கைக்கா?" கூச்சப்பட்டாள். பக்கத்து அறைப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் வீட்டுக்காரர், தொழிற்சாலையில் வேலை பார்க்கிற மனுஷர், "வச்சுக்க வச்சுக்க, கல்யாணத்துக்கு வச்சது" என்று சிரித்தார். குச்சியால் எடுத்துப் பத்து விரலுக்கும் தொப்பி போட்டேன். இரண்டு உள்ளங்கையிலும் அழகாக வட்டம் வைத்தேன். குழந்தை மாதிரிக் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் கையில் வைத்துக்கொள்ளக் கூடாத மருதாணி அது. என் வளையலைக் கழற்றிப் பதினோரு வருஷம். வெடிப்புக்கு நல்லது என்று சொன்னது பொய்யில்லை. படத்தில் அவள் விதவை என்பதும் எனக்கு மறந்து போகவில்லை. தெரிந்துதான் வைத்தேன்.

நாலாம் நாள் நல்ல வெளிச்சம். சவரியம்மா முறத்தோடு வந்து உட்கார்ந்து, சந்தோஷமாகக் கையை விரித்துக் காட்டினாள். குங்குமமாகச் சிவந்திருந்தது. சுந்தரம்தான், "சார், தாலி அறுத்தவ கையில மருதாணியா?" என்று முனகினான்.

நடராசு அவள் கையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"வெடிப்புக்கா வச்சே?"

"ஆமா."

"உள்ளங்கையில வட்டமா இருக்கே. அங்கயும் வெடிப்பா?"

நான் எதிர் மலையைப் பார்த்தேன். அவன் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். கத்தவில்லை. சவரியம்மாவுக்கு மெல்ல மெல்லப் புரிந்தது. இரண்டு கையையும் மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"அழிக்க முடியாதா?" என்றான் சுந்தரம்.

"பத்து நாளாகும்" என்றேன்.

மறுநாள் கிளம்ப வேண்டும். லயத்தில் கொழுந்துக் கறை ஏறிய கையுள்ள பெண்கள் எல்லோரும் விடியக் காலையிலேயே மலைக்குப் போயாயிற்று. என் மகன் தலையில் கை வைத்துக்கொண்டு கேமராப் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டான். அப்போது சவரியம்மா சொன்னாள்:

"அக்கா கை இருக்கே தம்பி. கையக் கெடுத்தது அக்காதானே. அக்கா கையையே வச்சுக்குங்க."

சிரிப்பதா வேண்டாமா என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. நடராசு எழுந்து வந்து என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவனுக்கு ஆறு வயதானபோது கடைசியாக அப்படிப் பிடித்தது. "எலும்பு சரியாத்தான் இருக்கு. நிறம்தான் இல்லை" என்றான், கத்தரிக்காய் பார்க்கிறவன் மாதிரி.

நிறத்தைச் சவரியம்மா ஏற்றினாள். ஒரு மடி பச்சைக் கொழுந்தைக் கொண்டுவந்து கசக்கிக் கசக்கி என் விரலில் தேய்த்தாள். ஒரு மணி நேரம். சிவந்த கை என் கையைக் கறுப்பாக்கிக்கொண்டிருந்தது. நகக் கண்ணில் கொஞ்சம் அடுப்புக் கரியும் ஏற்றினாள்.

"கோவமா சவரியம்மா?"

"இல்லக்கா." இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தாள். "மருதாணி நல்லா பிடிச்சிருக்கு."

அவளுடைய சேலையைக் கட்டிக்கொண்டு, அவளுடைய முறத்தோடு, அவளுடைய வாசலில் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் உள்ளே போய் முகத்துக்குப் பவுடர் போட்டுத் தலை வாரிக்கொண்டேன். கேமரா என் முழங்கைக்கு மேலே ஓர் அங்குலம்கூடப் பார்க்காது என்று சுந்தரம் சொன்னான். இருக்கட்டும் என்றேன்.

பியதாச வேனை வளைவுக்குக் கீழே நிறுத்தியிருந்தான். சைகை காட்டியதும் முக்கி முனகி மேலே ஏறி வர வேண்டும். "சத்தத்தை மெட்ராஸ்ல சேத்துக்கலாமே சார், வண்டி எதுக்கு?" என்று சுந்தரம் கேட்டான்.

"படத்துக்கு இல்லைய்யா. கைக்கு."

பிறகு என் பக்கத்தில் குனிந்து, "அம்மா, சத்தம் கேட்டதும் கையை நிறுத்து. அவ்வளவுதான். வேற ஒண்ணும் செய்யாதே. ஒண்ணுமே செய்யாதே" என்றான்.

கல் பொறுக்கினேன். கேமரா கறகறவென்று ஓடியது. கீழே வளைவில் வேன் இரண்டாம் கியரில் முனகியது. அதே சத்தம். சாயங்காலம் வாய்க்கால் மேட்டில் ஏறுகிற எங்கள் ஊர் பஸ்ஸின் சத்தம். நிறுத்த வேண்டும் என்று எனக்கு ஞாபகம் இருந்தது. கை நிற்கவில்லை. முன்னைவிட வேகமாகப் போனது. கல் இல்லாத இடத்திலும் பொறுக்கியது. நல்ல அரிசியை எடுத்து எறிந்தது. வேன் எங்களைத் தாண்டி மேலே போய்ச் சத்தம் தேய்கிற வரைக்கும் அது என் சொல்லைக் கேட்கவே இல்லை. பிறகு தானாகவே முறத்தின் விளிம்பில் போய் உட்கார்ந்துகொண்டது.

"கட்" என்றான். கிட்டே வந்தான்.

"ஏம்மா நிறுத்தல?"

"நான் என்னிக்கு நிறுத்தினேன்? பஸ் வர்ற நேரத்துல நான் கையை நிறுத்தினா பக்கத்து வீட்டுக்காரி பாத்துருவா. ஓடிப்போனவனுக்குக் காத்துக்கிட்டிருக்கான்னு சொல்லுவா."

"பஸ் ஸ்டாண்டுல நின்னேன்னு சொல்லுவியே."

"சொல்லுவேன். ஒரு நாளும் போனதில்லை."

"இதை ஏம்மா நூறு தடவையில ஒரு தடவைகூடச் சொல்லல?" என்றான். நான் கீழே எறிந்த நல்ல அரிசியைப் பொறுக்க ஆரம்பித்தேன். இன்னொரு தடவை எடுக்கலாமா என்று சுந்தரம் கேட்டபோது, "வேண்டாம், பெட்டியை மூடு" என்று சொல்லிவிட்டான். அன்று மத்தியானம் என் கையால் வைத்த ரசத்தை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான். அதற்குப் பிறகு சவரியம்மாவின் ரொட்டியையும் தின்றான். அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

ஐந்தாம் நாள் கிளம்பும்போது அவளிடம் என் நல்ல சேலை ஒன்றைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "படம் ஹட்டன் டவுனுக்கு வந்தா பாக்குறேன்க்கா. என் கை இல்லைன்னு எங்க ஆளுங்க கண்டுபிடிச்சிருவாங்க" என்றாள். வேன் சேறு இருந்த இடத்துக்கு வந்ததும் நானாகவே இறங்கி நடந்தேன். பியதாச திரும்பிப் பார்த்து, "ஹரி அம்மே, ஹரி" என்றான். சரி என்பதை இவர்கள் இப்படி இரண்டு தடவை சொல்கிறார்கள்.

படம் துறையூர் தியேட்டருக்கு வந்தபோது அக்கம்பக்கத்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனேன். சவரியம்மாவின் முகம் திரையளவு வந்தது. பிறகு என் கை. பக்கத்து வீட்டுக்காரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அந்தம்மா முகத்துல என்ன ஒரு களை" என்றாள். கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அது என் கைதான் என்றேன். "ஆமாமா" என்றாள். வீடு வரும்வரை அவளுக்கு முன்னாலேயே நடந்தேன்.

போன வாரம் அக்கரப்பத்தனையிலிருந்து காகிதம் வந்தது. தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியாரைக் கொண்டு சவரியம்மா எழுதியிருந்தாள். பெரியவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை என்று ஒரு வரி. மருதாணி அழிய ஒரு மாதம் ஆயிற்று என்று ஒரு வரி. அதற்குப் பிறகு இப்படி இருந்தது:

"ஹட்டனுக்கு லாரி பிடித்து லயமே போய்ப் படம் பார்த்தோம். என் முகம் வந்தபோது எல்லோரும் கையைத் தட்டிச் சிரித்தார்கள். தெரிந்த மூஞ்சிதானே. உங்கள் கை வந்தபோது ஒருத்தர் மூச்சுக்கூட விடவில்லை. என் வீட்டுக்காரர் அழுதார். பெரியவன் போனதிலிருந்து என் முன்னால் அழாத மனுஷர், உங்கள் கைக்கு அழுதார். எனக்கு ரொம்பப் பொறாமையாக இருந்தது அக்கா. பதில் போடவும்."

எழுத்துக் கூட்டிப் படிப்பதால் எனக்கு எல்லாமே மெதுவாகத்தான் ஏறும். அந்தக் கடைசி வரிகளை நாலு தடவை படித்தேன். காகிதத்தை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். இன்னும் பதில் போடவில்லை. போடுவேன். இன்னொரு பத்து நாள் போகட்டும்.